இனம்: பீகிள்

சால்மியாவில் பதினான்காம் மாடியிலிருந்து
லிப்டில் இறங்கி வந்தது மிஷ்மிஷ்.
அரபியில் அது ஆப்ரிகாட் பழம்.
ஈரத் துணி போல் இரண்டு காதுகள்,
வால் நுனியில் மட்டும் வெள்ளை,
யாரோ சுண்ணாம்பில் தொட்டெடுத்த மாதிரி.

சேர்க்கைப் படிவத்தை நான்தான் நிரப்புவேன்.
கூண்டு கழுவுவது,
நகம் வெட்டுகையில் அமுக்கிப் பிடிப்பது,
கட்டம் கட்டமாய் எழுதுவது
எல்லாம் ஒரே சம்பளத்துக்கு.
வயது மூன்று. எடை பதினொரு கிலோ.
இனம்: பீகிள்.

"அந்தப் பெயருக்கு அர்த்தம் தெரியுமா?"
கையுறையை இழுத்து மாட்டியபடி
டாக்டர் நெவீன் கேட்டார்.
சின்னது என்கிறார்கள் சிலர், ஏதோ தீவுப் பாஷையில்.
இல்லை, பழைய பிரெஞ்சில்
திறந்த தொண்டை என்கிறார்கள் சிலர்.
முயல் வாசம் பிடித்ததும்
பின்னால் வருகிறவனுக்குக் கேட்கும்படி
ஓயாமல் ஊளையிடணும், வேலையே அதுதான்.
எது சரி என்று யாருக்கும் தெரியாது.

"உன் பெயருக்கு?"

அட்டையில் இருப்பது அப்பாவின் பெயர்.
எடிசன் என்று கூப்பிட இங்கே ஆளில்லை.
பிச்சை, வாளி எங்கே. பிச்சை, பூனையைப் பிடி.
மூன்று பிள்ளைகளைப் புதைத்த பிறகு பிறந்தவருக்கு
சாவு ஏறெடுத்தும் பார்க்கக் கூடாதென்று வைத்த பெயர்.
அதை எப்படிச் சொல்ல?
சதகா, என்றேன், தெரிந்த அரபியில்.
அவர் சிரிக்க ஆரம்பித்து
பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மிஷ்மிஷ் வந்தது ஊசிக்கு அல்ல.
கட்டிடத்தில் ஒன்பது புகார்.
குரல்நாணை வெட்டிவிடுங்கள் என்றார் உரிமையாளர்,
முடி கொஞ்சம் குறைக்கச் சொல்கிற தொனியில்.
நான் செய்வதில்லை, என்றார் டாக்டர்.
அப்படியானால் இன்று இரவு மட்டும் வைத்திருங்கள்,
நாளை வேறு இடம் கூட்டிப்போகிறேன், என்றார் அவர்.

அந்த இரவு
மூன்றாவது அறையில், பல்வலியோடு,
ஒரு வளர்ப்பு முயல் இருந்தது.

இரண்டு கதவு, ஒரு ஏசி, டெட்டால் வாடை
எல்லாவற்றையும் தாண்டி
அதன் மூக்குக்கு எட்டிவிட்டது.
பிறந்ததிலிருந்து சோபாவும் பளிங்குத் தரையும் பார்த்த நாய்
மூக்கை உயர்த்தி, கழுத்தை நீட்டி,
வாயை வட்டமாக்கித் திறந்தது.
குரைப்பு இல்லை அது.
யாரையோ கூப்பிடுகிற சத்தம்.
இதோ இருக்கிறது, வா, வா, என்று
விடிய விடிய.
அடக்க வேண்டியது என் வேலை.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.
பின்னால் வருகிறவன்
அன்றைக்கு நான் ஒருவன்தான்.

என் அறை மஹபூலாவில்.
பைத்தியக்காரி என்று அர்த்தமாம், அந்த ஊருக்கு.
ஒரு அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில்.
தூக்கத்தில் நான் கத்துகிறேனாம்,
மேல்கட்டில் சேசுராசுவுக்கு நாலு மணிக்கு பஸ்.
முதலில் செருப்பு விழுந்தது.
பிறகு உட்கார வைத்துப் பேசினார்கள்.
ஒரு வருஷமாக
துண்டைச் சுருட்டி வாயில் கடித்துத்தான் தூங்குகிறேன்.
காலையில் அதில் பல் பதிந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து
மிஷ்மிஷ் வந்தது, இந்த முறை ஊசிக்கு.
என்னைக் கண்டதும் வால் ஆடிற்று.
மூக்கை உயர்த்தி, கழுத்தை நீட்டி
அதே வட்டமாய் வாயைத் திறந்தது.
காற்று வந்தது.
பழைய சைக்கிள் டியூபை அழுத்தின மாதிரி.
டாக்டர் அலமாரிப் பக்கம் திரும்பி
இல்லாத மருந்தைத் தேடினார்.
நான் தொண்டையில் கை வைத்துப் பார்த்தேன்,
உள்ளே கிடந்து அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

படிவம் புதிது, கட்டங்கள் பழசு.
இனம் என்ற இடத்தில் பேனா நின்றது.
சின்னது என்று நினைத்துக்கொண்டு எழுதி முடித்தேன்.

மறுநாள் காலை துண்டு தரையில் கிடந்தது, காய்ந்தபடி.
ரொம்பச் சத்தமா, என்று கேட்டேன்.
சேசுராசு ஷூ நாடாவைக் கட்டி முடிக்கும்வரை பேசவில்லை.
"பயங்கரமா இருந்துச்சு.
எட்டுப் பேர்ல ஒருத்தனும் தூங்கல."

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னான்:
"எழுப்ப வேணாம்னு நாங்கதான் விட்டுட்டோம்."